முதல் மழைக்கு முன்னும் பின்னும்: மாரிக்கு ஒரு வளவைத் தயார்செய்த பதிவு

மாரி பிடிப்பதற்கு முன்னர் வளவைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்பதை வன்னியில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலையை எப்போது செய்வது என்பதில்தான் அநேக வளவுகளில் ஒழுங்கு குழம்பிவிடுகிறது. ஆவணியில் மண் இறுகிக் கிடக்கும்போது வாய்க்கால் வெட்டப் புறப்பட்டு அலவாங்கின் முனையை மழுங்கடிப்பவர்களையும், கார்த்திகை அடைமழையில் பாசி பிடித்த ஓட்டின் மேல் ஏறி, கூரை நீரை ஏந்தும் பீலியைத் துப்புரவு செய்பவர்களையும் ஆண்டுதோறும் காண்கிறேன். துப்புரவு வேலைகளில் ஒரு பாதி, துளி மழையும் விழாத நிலையில் செய்ய வேண்டியது. மறு பாதி, முதல் மழை விழுந்து மண் இளகிய பின்னர், அடைமழை தொடங்குவதற்கு முன்னர் கிடைக்கும் குறுகிய இடைவெளியில் செய்ய வேண்டியது. இம்முறை எங்கள் வளவில் அந்த வரிசைப்படியே வேலை செய்தோம். அதன் விபரம் இது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது எங்கள் அரை ஏக்கர் வளவு. ஓட்டு வீடு, கட்டுக்கிணறு, சில தென்னைகள், பலா, மா, முருங்கை, வேம்பு, பின்வேலியோரம் தேக்கும் ஓரிரு பனைகளும் என்பதுதான் அதன் அமைப்பு. நிலம் செங்கபில மண். உலர்வலயத்தில் பரவலாகக் காணப்படும் இந்த மண் காய்ந்தால் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகும்; முழுதாக நனைந்தால் மண்வெட்டியிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்ய விடாது. இரண்டுக்கும் நடுவே, ஓரளவு ஈரத்தில் மட்டும்தான் அது மனிதனுக்கு இணங்கும். வைகாசி முதல் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசி நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், புரட்டாசி வரையில் அந்த நிலை வருவதில்லை. ஐப்பசியில் பின்னேரங்களில் இடியோடு பெய்யும் மழைகள்தான் அதைக் கொண்டுவருகின்றன. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றும் வங்கக் கடலின் தாழமுக்கங்களும் சேர்ந்துகொண்டால் பிறகு எதையும் தொட முடியாது. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளத்தையும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்த புரெவிப் புயலையும் நினைவில் வைத்திருப்பவர்கள், ஐப்பசி முடிவையே தங்கள் இறுதித் தவணையாகக் கொள்வார்கள்.

கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கும் இதே மாதங்களில் இதே அவசரம் உண்டு. பனி விழுவதற்கு முன் இலைகளை வாரி அள்ளுகிறார்கள். வெளிப்புறக் குழாய்களில் தேங்கிய நீர் உறைந்து குழாயை வெடிக்கச் செய்யாதபடி அதை வடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நீர் உறைவது சிக்கல். எங்களுக்கு அது ஓடுவதும் தேங்குவதும் சிக்கல்.

கூரையிலிருந்து தொடங்கினோம். மேலிருந்து விழும் குப்பை கீழே சேரும் என்பதால் முற்றத்தை முதலில் கூட்டுவது வீண் வேலை. ஓட்டுக் கூரையின் குறைகளைக் கண்டுபிடிக்க ஏறத் தேவையில்லை. உச்சிவெயிலில் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், விலகிய ஓடும் வெடித்த ஓடும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். அந்த இடங்களை உள்ளிருந்தே நீண்ட தடியொன்றால் தட்டிக் காட்ட, வெளியே ஏணியில் நிற்பவர் குறித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஓடு விலகுவதற்குக் காற்றைவிடக் குரங்குகளே பெரிய காரணம். பலா பழுக்கும் காலத்தில் கூரைதான் அவற்றின் பாதை. ஆகவே கூரைக்கு மேலாக நீண்டிருந்த பலாக் கிளையை வெட்டுவதும் கூரைத் திருத்தத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. முகட்டோடுகளின் பழைய சாந்து உதிர்ந்திருந்த இடங்களில் புதிய சீமெந்துச் சாந்து வைத்து, அது சடுதியாகக் காய்ந்து வெடிக்காதிருக்க நனைத்த சாக்குத் துண்டுகளால் மூடினோம். மழை நாளில் பூசிய சாந்து இறுகுவதற்கு முன்னரே கரைந்துபோகும் என்பதால் இது கட்டாயமாக வெயிற்கால வேலை. சமையற்கட்டின் மேல் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீற். அதன் மேல் எவரும் ஏறவில்லை. பழைய சீற் எந்த நேரத்திலும் முறியும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டிக் கழுவினால் எழும் தூசு சுவாசப்பைக்குக் கேடு. கீழே நின்று நீண்ட தும்புத்தடியால் சருகை மட்டும் இழுத்து விழுத்தினோம்.

பீலியின் முக்கியத்துவத்தைக் கணக்கொன்று சொல்லிவிடும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் நீர். 80 சதுர மீற்றர் நிலத்தை மூடும் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 8,000 லீற்றர். மாரியில் இங்கு அப்படிப்பட்ட நாள் அபூர்வமன்று. பீலி அடைபட்டிருந்தால் அவ்வளவு நீரும் சுவரின் அடியில், அத்திவாரத்தை ஒட்டியே விழும். பீலிக்குள் இருந்த சருகை அள்ளியபோது அடியில் கறுப்பாக மக்கிய படையொன்று இருந்தது. அது நல்ல உரமாதலால் தனியாக எடுத்துவைத்தோம். அதன் பின்னர் ஒரு முனையில் வாளி நீரை ஊற்றி மறுமுனையில் பார்த்தபோது, நடுவில் ஒரு பிடி தளர்ந்து பீலி தொய்ந்திருப்பதும் அங்கே நீர் தேங்குவதும் தெரிந்தன. பத்து அடிக்குக் கால் அங்குலம் என்ற சரிவு போதும். நூல் கட்டிப் பார்த்துப் பிடிகளை மீண்டும் அறைந்தோம். இறங்கும் குழாயின் வாயில் அடர்த்தியான வலை வைப்பவர்கள் உண்டு. பலா இலை ஒன்றிரண்டு படிந்தாலே அந்த வலை அடைத்துவிடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. கம்பியை முட்டை வடிவில் வளைத்துச் செருகினால் இலைகள் மேலே தங்கிப் பக்கவாட்டில் நீர் இறங்கும்.

மரங்களில் முருங்கைக்குத்தான் முதலிடம். அதன் தடி மென்மையானது; நனைந்த இலைப் பாரத்தோடு காற்று அடித்தால் கிளையாக அன்றி மரமாகவே முறியும். நெஞ்சளவு உயரத்தில் சரிவாக வெட்டி, வெட்டுவாயில் சாணம் பூசினோம். வேம்பின் தடித்த கிளையை வாளால் அரியும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலிருந்து மட்டும் அரிந்தால், கிளை பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். எனவே அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அரிந்துவிட்டு, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அரிய வேண்டும். பாரம் விழுந்த பின்னர், மிஞ்சிய கட்டையை அடிமரத்தோடு சேரும் புடைப்புக்கு வெளியே எடுத்துவிடலாம். தென்னையில் காய்ந்த மட்டைகளையும் பன்னாடையையும் நெற்றுக்களையும் மட்டும் இறக்கினோம். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று பச்சை ஓலைகளை வெட்டும் பழக்கம் கெட்டது; அந்தக் காயத்தின் மணத்துக்குச் செவ்வண்டு வந்து முட்டையிடும். சென்ற ஆண்டு பட்டுப்போன தென்னையின் குற்றியொன்று மூலையில் கிடந்தது. அதைப் பிளந்தபோது காண்டாமிருக வண்டின் புழுக்கள் உள்ளே இருந்தன. அவற்றைக் கோழிகள் தீர்த்துவிட்டன. குற்றியைத் துண்டாக்கி வெயிலில் பரப்பினோம். மின்கம்பிக்கு அருகே நின்ற தேக்குக் கிளையில் நாங்கள் கை வைக்கவில்லை. மின்சார சபைக்கு அறிவித்து அவர்கள் வந்து வெட்டும்வரை அப்படியே விட்டோம்.

அடுத்தது சருகு. இதில்தான் அதிக நேரம் சென்றது, அதிக எச்சரிக்கையும் தேவைப்பட்டது. தேக்கிலையும் பலாவிலையும் வேலியோரம் முழங்காலளவு குவிந்திருந்தன. அத்தகைய குவியல் எலிக்கு வீடு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கண்ணாடிப் புடையன் பகலில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். மழை தொடங்கிப் பொந்துகளில் நீர் இறங்கியதும் அங்கிருக்கும் பாம்புகள் உலர்ந்த இடம் தேடி வீட்டை நோக்கி வரும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் நுழைந்து, நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது என்பதால் ஆபத்து தாமதமாகவே தெரியவரும். ஆகையால் குவியலை மழைக்கு முன் கலைப்பதும், வீட்டிலிருந்து வேலியை நோக்கியன்றி வேலியிலிருந்து வெட்டவெளியை நோக்கிக் கலைப்பதும் அவசியம். முழங்கால் வரையான சப்பாத்து அணிந்து, முதலில் நீண்ட தடியால் தட்டி, பின்னர் முள்வாரியால் இழுத்து, கடகத்தில் அள்ளினோம். வெறுங்கையால் எவரும் அள்ளவில்லை. பொழுதுபட்ட பின் வேலையைத் தொடரவுமில்லை.

அள்ளிய சருகைக் கொளுத்துவதுதான் எளிய வழி என்று பலரும் எண்ணுவார்கள். வன்னியில் அதற்கு எதிராகப் புகையைவிடப் பாரதூரமான காரணம் ஒன்று உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னர் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. எனினும் வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்த குண்டுகள் இன்னமும் ஆங்காங்கே வெளிப்படுகின்றன. அவற்றின் மேல் தீ மூட்டினால் சூடேறி வெடிக்கலாம். பயன்படுத்தப்படாமல் பற்றையாகக் கிடந்த மூலையில் தீ வைப்பதும் ஆழமாகத் தோண்டுவதும் இங்கே தவிர்க்க வேண்டியவை. துருப்பிடித்த உலோகத் துண்டு எதுவாயினும், அது என்னவென்று புரட்டிப் பார்க்காமல் அடையாளம் வைத்து விலகி, பொலிசாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும் என்பதை வேலைக்கு வந்த பெடியன்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தோம். இரும்பு சேர்ப்பவர்களின் ஆசையைத் தூண்டும் பொருட்களாதலால் இதை இரண்டு முறை சொன்னாலும் தவறில்லை.

கொளுத்தாத சருகு கூட்டெருவாயிற்று. இரசாயன உர இறக்குமதியை 2021இல் அரசாங்கம் தடைசெய்து, அதே ஆண்டின் இறுதியில் அந்தத் தடையைக் கைவிட்டது. அந்தப் போகத்தில் வயல்காரர் பட்ட பாடு வேறு கதை. ஆனால் கூட்டெருக் குவியல் போடும் பழக்கம் பல வளவுகளில் அப்போது படிந்தது. சருகு தனியே மக்க நெடுங்காலம் எடுக்கும். அதில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. முப்பதுக்கு ஒன்று என்ற அளவுக்கு அருகே கொண்டுவந்தால்தான் குவியல் சூடேறும். எனவே ஒரு படை சருகு, அதன் மேல் வேலியிலிருந்து வெட்டிய கிளிசிறிடியாக் குழை, அதன் மேல் கரைத்த சாணம் என்று மாற்றி மாற்றி அடுக்கினோம். தேக்கிலையை மட்டும் கத்தியால் நறுக்கிப் போட வேண்டியிருந்தது. குவியலின் மேல் கிடுகு வேய்ந்தது முக்கியம். அடைமழை நேரே விழுந்தால் சத்து முழுவதும் கழுவுண்டு வாய்க்காலுக்குப் போய்விடும். இதே குவியலிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால், இரு கிழமைக்கு ஒருமுறை புரட்டிப் புழுக்களைப் பொறுக்க வேண்டும்.

நீர் தேங்கும் பொருட்களைச் சேர்த்தபோது, மாதக்கணக்கில் கண்ணில் படாதவையெல்லாம் வந்து குவிந்தன: சிரட்டை, இளநீர்க் கோம்பை, ஊமல், போத்தல் மூடி, கோழிக்கு நீர் வைத்த சட்டி, இரண்டு பழைய ரயர். டெங்குவைப் பரப்பும் நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியபடி பல மாதங்கள் உயிரோடு இருக்கும். முதல் மழை நீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே மழைக்குப் பிறகு கவிழ்த்து ஊற்றுவதைவிட, மழைக்கு முன்னர் காய்ந்த பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதே பயன் தரும். கோம்பைகளையும் பொச்சுமட்டைகளையும், தென்னையிலிருந்து ஆறேழு அடி தள்ளி வெட்டிய குழியில் உட்புறம் மேல்நோக்கியிருக்க அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் மண் போட்டு மூடுவது என் விருப்பமான முறை. நுளம்பும் ஒழியும், அடுத்த சோளகத்தில் தென்னைக்கு ஈரமும் கிடைக்கும். ஆனால் குழி வெட்டும் வேலை மண் இளகிய பின்னருக்கு உரியதாதலால் அவற்றைக் கொட்டிலுக்குள் குவித்துவைத்தோம். ஊமல் விறகோடு சேர்ந்தது.

பின்னர் மழைக்காகக் காத்திருந்தோம். கையிலிருந்த வேலை முடிந்த வேகத்தில் மண்வெட்டியைத் தூக்கிவிட வேண்டும் என்ற உந்துதல் எல்லோருக்கும் இருந்தது. அடக்கிக்கொண்டதுதான் இந்த வரிசையின் கடினமான பகுதி.

முதற் கனத்த மழை பெய்து இரண்டு நாள் வெயில் எறித்த பின்னர், ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்த்தோம். உருண்டையாகத் திரண்டு, பெருவிரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. அதுதான் வேலை தொடங்கும் பதம். வாய்க்காலை எங்கே வெட்டுவது என்பதை முதல் மழையே காட்டிவிட்டிருந்தது. நீர் ஓடிய தடத்தில் சருகுத் துணுக்குகள் வரிசையாகப் படிந்திருந்தன. ஆனால் அந்தத் தடம் கிணற்றடிக்கு வந்து நின்றது. அயல்வளவில் இருக்கும் முதியவர் வேலியருகே வந்து நின்று பார்த்துவிட்டு, “தம்பி, முந்தி வெள்ளம் இந்த மூலையாலைதான் கீழை குளத்துக்கு இறங்கினது. பிறகுதான் மண் போட்டு மேவிப்போட்டினம்,” என்றார். “அப்ப அதாலையே திருப்பி விடுவம் ஐயா,” என்று சொல்லி, அவர் காட்டிய மூலையை நோக்கியே வாய்க்காலின் வாயை வைத்தோம்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று. நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளையும் இரண்டு தடிகளில் கட்டி மட்டம் பார்த்து, நூறு அடிக்கு ஓரடி என்ற சரிவில் நூல் பிடித்தோம். அதைவிடச் செங்குத்தாக விட்டால் ஓடும் நீர் வாய்க்காலையே அரிக்கும். குறைத்தால் வண்டல் படிந்து தூரும். வெட்டிய மண்ணை வீட்டுப் பக்கமாகவே போட்டு அணையாக்கினோம். கிணற்றைச் சுற்றி நிலம் தாழ்ந்திருந்த இடத்தில் மண் நிரப்பி, கிணற்றிலிருந்து வெளிநோக்கிச் சரியுமாறு இடித்து இறுக்கி, சீமெந்துத் தளத்தின் வெடிப்புகளைப் பூசினோம். வெள்ளநீர் கிணற்றுக்குள் இறங்குமாயின் மலசலகூடக் குழியின் கழிவும் எலியின் சிறுநீரும் அதனோடு சேர்ந்து வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது, வெள்ளம் வடிந்த காலத்தில்தான். அந்தக் கிருமி காலில் உள்ள சிறு காயம் வழியாகவும் உடலுக்குள் நுழையும். ஆகவே வாய்க்கால் வேலைக்கும் சப்பாத்து வேண்டும். வயல்வேலைக்கு இறங்குவோர் முற்காப்பு மாத்திரை குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இளகிய மண்ணில்தான் பார்த்தீனியமும் வேரோடு வரும். இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் வவுனியாப் பக்கத்தில் கால்பதித்ததாகச் சொல்லப்படும் இந்தக் களை, முதல் மழையோடு முளைத்து ஒரு மாதத்தை அண்டிப் பூக்கத் தொடங்கும். வளர்ந்த செடி ஒன்றே பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு அறுந்து அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். எனவே பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறையோடு பிடுங்க வேண்டும். வெறுந்தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் தடிப்பும் வரும், பூந்தூள் இளைப்பை உண்டாக்கும். பூத்துவிட்ட சிலவற்றைக் கூட்டெருவில் சேர்க்காமல் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்தோம்.

வேலி வேலை சடுதியாக முடிந்தது. பட்டுப்போன வேலித்தடிகளான கதியால்களைப் பிடுங்கிவிட்டு, கிளுவையிலும் பூவரசிலும் புதிய கதியால் வெட்டி ஊன்றினோம். மாரி ஈரத்தில் தவறாமல் வேர்பிடிக்கும். மரத்தடியில் பொறுக்கி வைத்திருந்த பனங்கொட்டைகளை, வாய்க்காலுக்கு எட்டாத மேட்டில் மணல் கூட்டிய பாத்தியில் அடுக்கினோம்; நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். கோம்பைக் குழிகளும் அன்றே மூடப்பட்டன.

விறகு கடைசி வேலை. வெட்டிய வேம்பும் பிளந்த குற்றியும் காய்ந்த மட்டையும் கொக்கறையும் ஊமலும் இரண்டு மாதச் சமையலுக்குப் போதும். கொட்டிலுக்குள் நிலத்தில் படாமல் கல் வைத்து, மேலே குறுக்குத் தடி போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி அடுக்கினோம். நிலத்தில் வைத்தால் கறையான் ஏறும். சுவரோடு ஒட்டினால் காற்றோட்டமும் இராது, இடுக்கில் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. மாரி முழுவதும் விறகு எடுக்கப் போகிறவர் முதலில் தடியால் தட்ட வேண்டும் என்பதற்காக, அந்தத் தடியைக் கொட்டில் வாசலிலேயே சாத்தி வைத்திருக்கிறோம்.

இனி மழை நாட்களில் மிஞ்சியிருப்பது கிழமைக்கு ஒருமுறை செய்யும் சுற்றுப் பார்வை மட்டுமே. நுளம்பின் முட்டை பொரித்துப் பறக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால் அந்த இடைவெளியைத் தாண்டக் கூடாது. பீலியின் கம்பிக் கூட்டில் தங்கிய இலையை எடுப்பதும், வாய்க்காலின் வாயில் அடைத்த குழையை விலக்குவதும், கவிழ்ந்திருக்க வேண்டியவை கவிழ்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அரை மணி நேர வேலை. வாய்க்கால் ஒழுங்கையைச் சந்திக்கும் இடத்தில் உள்ள மதகு மண்ணால் தூர்ந்திருக்கிறது. அது வளவுக்கு வெளியே இருப்பதால், அயலவர்களின் கையொப்பத்தோடு பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அது வெட்டப்படும்வரை எங்கள் வாய்க்காலின் கடைசிப் பத்து அடியை இரு மடங்கு அகலமாக்கி, நீர் சற்றுத் தங்கி வடிய இடம் விட்டிருக்கிறோம்.